மரத்தில் செதுக்கிய பெயர்: இ-சிடிடியோடு பன்னிரண்டு வருடம்

2013 கடைசியில் இ-சிடிடி என் மேசைக்கு வந்தபோது அதை வெறும் கோப்பு அடுக்கும் வேலை என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் ஒரு பயோசிமிலர் நிறுவனத்தில், அதாவது அசல் உயிரியல் மருந்துக்கு மிக நெருக்கமான மருந்து செய்யும் இடத்தில், அரசு அனுமதிகளைப் பார்க்கும் ரெகுலேட்டரி பொறுப்பு, ஐரோப்பாவுக்கு முதல் ஃபைலிங். உத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன், பிடிஎஃப் கட்டுவதைப் பப்ளிஷிங் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பையன்கள் வந்து கேட்டு நான் "ஏதாவது போடுங்கப்பா" என்று சொல்லி அனுப்பிய இடங்களில்தான் என் உத்தியில் பாதி இருந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மருந்துக்கு அனுமதி கேட்டுக் கொடுக்கும் மொத்த டாசியரையும் ஐந்து மாட்யூலாக அடுக்கும் முறை சிடிடி, 2000-இல் ஐசிஎச் என்ற, மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு ஒப்புக்கொண்டது; அதையே, எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் எக்ஸ்எம்எல் முதுகெலும்போடு மின்வடிவில் அனுப்பினால் இ-சிடிடி. ஐரோப்பாவின் மையப்படுத்திய நடைமுறையில் 2010-லிருந்தே கட்டாயம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ உயிரியல் மருந்து விண்ணப்பங்களுக்கு 2017 மே 5 முதல் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு தடவை அனுப்புவதும் ஒரு சீக்வென்ஸ்; முதலாவது 0000, அடுத்தது 0001, அப்படியே மருந்து சந்தையில் இருக்கும்வரை ஓடும். நடுவில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க முடியாது.

எனக்கு அடி விழுந்தது அங்கேதான். 0000 கட்டும்போது 3.2.எஸ் பகுதிக்கு, அதாவது மூல மருந்துப் பொருளின் உற்பத்தி விவரங்கள் வரும் இடத்துக்கு, பொருளின் பெயர் ஒன்று, தயாரிப்பாளரின் பெயர் ஒன்று கொடுக்க வேண்டும். இவை ஆவணத்துக்குள் இல்லை, எக்ஸ்எம்எல்லில் உட்கார்ந்திருக்கும். மதிப்பீட்டாளர் திறந்ததும் இடது பக்கம் விரியும் மரத்தில் கிளையின் பெயராகத் தெரியும். தயாரிப்பாளர் இடத்தில் என்ன போட என்று கேட்டார்கள். துல்லியமாக இருக்கட்டுமே என்று ஆலையின் முழுப் பெயரையும் ஊரோடு சேர்த்துப் போடச் சொன்னேன். மூன்று வருடத்தில் நிறுவனம் கைமாறி ஆலையின் பெயரும் மாறியது. நாங்கள் பயன்படுத்தும் இ-சிடிடி 3.2.2 பதிப்பில் அந்தப் பெயரைத் திருத்த நேர்வழி கிடையாது. மாற்றினால் அது வேறு கிளையாகிவிடும், பழைய கிளையில் இருந்த அத்தனையையும் நீக்கிவிட்டுப் புதுக் கிளையில் முதலிலிருந்து போட வேண்டும், எந்த ஆவணம் எதற்குப் பதிலாக வந்தது என்ற வரலாறு அறுந்துபோகும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

அப்புறம் இரண்டாவது ஆலை வந்தது. இதே கிளையில் சேர்த்தால் கிளையின் பெயரே பொய் சொல்கிறது. தனிக் கிளை போட்டால் இரண்டு ஆலைக்கும் பொதுவான செல் வங்கி விவரம், மூலக்கூறின் அமைப்பு, ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட் எல்லாம் இரண்டு இடத்திலும் இருக்கும். தனிக் கிளைதான் போட்டோம். அடுத்த நாலு வருடம் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இரட்டை வேலை. ஒரு தடவை ஒரு கிளையை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிட்டோம். ஒரே சோதனைக்கு இரண்டு வரம்பு எப்படி என்று கேள்வி வந்தது, நியாயமான கேள்விதான். இப்போது யார் கேட்டாலும் தயாரிப்பாளர் இடத்தில் 'ஆல்' (all, எல்லாம்) என்று பொதுவாகப் போடு, எந்த ஆலை என்பதை உள்ளே ஆவணத்தில் எழுது என்கிறேன்.

கோப்பை எவ்வளவு பொடியாக வெட்டுவது என்பதும் இதே ரகம். சோதனை முறைகளுக்கான 3.2.எஸ்.4.2-இல் எல்லாச் சோதனை முறைகளையும் சேர்த்து ஒரே தடி பிடிஎஃப் ஆக்கினால் அன்றைக்குச் சுலபம். பிறகு எலைசா மாதிரி ஒரே ஒரு சோதனை முறையைத் திருத்தினாலும் முழுக் கோப்பையும் மாற்ற வேண்டும், என்ன மாறியது என்று மதிப்பீட்டாளர் தேட வேண்டும். முறைக்கு ஒரு கோப்பு போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

எவ்வளவு எழுதுவது என்பது இதைவிடச் சிக்கல். உற்பத்தி விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுத ஆசை, நான் கத்தரிக்கோலோடு நிற்பேன், ஏனென்றால் உற்பத்தியும் தரமும் வரும் மாட்யூல் 3-இல் எழுதிய ஒவ்வொரு எண்ணும் வாக்குக் கொடுத்த மாதிரி. அதை மீறி மாற்ற நினைத்தால் மாற்றத்தின் தன்மையைப் பொறுத்து ஐரோப்பாவில் சின்னதிலிருந்து பெரியது வரை டைப் 1ஏ, 1பி, 2, அமெரிக்காவில் ஆண்டறிக்கை, 30 நாள் காத்திருக்கும் அறிவிப்பு, முன் அனுமதி என்று ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும். ஆனால் வெட்டுவதிலும் தப்பு செய்திருக்கிறேன். மருந்துப் புரதத்தைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரோட்டீன் ஏ ரெசினை இத்தனை சுழற்சி பயன்படுத்தலாம் என்று எண்ணை மட்டும் எழுதினோம், அதை எப்படி நீட்டிப்போம் என்ற புரோட்டோகாலை எழுதவில்லை, இடம் மிச்சம் என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். எண்ணிக்கை முடிந்ததும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ரெசினைத் தூக்கி எறிந்தோம். உற்பத்தி மேலாளர் பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். மாற்றத்தை எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைக்கும் வழியை 2019-இல் ஐசிஎச்சின் கியூ12 வழிகாட்டி ஒழுங்காக எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எந்த டாசியரையும் அதை யோசிக்காமல் நான் கட்டுவதில்லை.

சில்லறை எரிச்சல்கள் நிறைய. கோப்புப் பெயரில் சின்ன எழுத்து, எண், ஹைஃபன் தவிர எதுவும் கூடாது, ஃபான்ட் உள்ளே பதிந்திருக்க வேண்டும், பேட்ச் ரெக்கார்டை ஸ்கேன் செய்தால் தேடக்கூடிய எழுத்தாக வர வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். இந்த விதிகளைச் சரிபார்க்கும் மென்பொருளான வேலிடேட்டரை மட்டும் அனுப்புகிற நாளில் முதல்முறையாக ஓட்டாதீர்கள், ஒரு வாரம் முன்பே ஓட்டுங்கள். பிடித்ததைச் சொல்லவேண்டுமானால், எட்டு வருடம் முன்பு நாங்கள் என்ன வரம்பு சொன்னோம், எந்த சீக்வென்ஸில் மாற்றினோம் என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். காகிதத்தில் ஃபைலிங் செய்த என் பழைய மேலாளர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்.

இப்போது இது இன்னும் முக்கியமாகிறது. பல பயோசிமிலர்களுக்கு, அசல் மருந்தோடு ஒப்பிட்டு நோயாளிகளிடம் நடத்தும் ஒப்பீட்டுச் செயல்திறன் ஆய்வு தேவைப்படாது என்ற திசையில் எஃப்டிஏ 2025 அக்டோபரில் வரைவு வழிகாட்டி வெளியிட்டது. மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகள் வரும் மாட்யூல் 5 மெலிந்தால் மொத்தக் கனமும் மாட்யூல் 3-க்கு வரும். அசல் மருந்தோடு செய்த ஆய்வக ஒப்பீட்டை மாட்யூல் 3-இன் 3.2.ஆர் பகுதியில் வைத்து, நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் நிழலில் ஒதுங்கிக்கொண்ட காலம் போகிறது.

இ-சிடிடி 4.0-வை எஃப்டிஏ 2024 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பங்களுக்கு ஏற்கிறது. அதில் கிளையின் பெயரைத் திருத்தலாம், ஒரே ஆவணத்தை இரண்டு இடத்திலிருந்து சுட்டலாம்; என் பழைய தலைவலி இரண்டுக்கும் மருந்து. அடுத்த மூலக்கூறை அதில்தான் கட்டுகிறோம். பழையது 3.2.2-இலேயே ஓடுகிறது, இப்போது இல்லாத ஒரு பெயரை மரத்தில் சுமந்துகொண்டு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் "சார், இது யாரோட பிளான்ட்?" என்று கேட்டாள். நம்முடையதுதான் என்றேன்.