எக்ஸர்சிசம்: டெஸ்ட் பாஸான பிறகுதான் பாடம்

கோடிங் பழக இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நான் எக்ஸர்சிசம் தளத்திலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் அங்குள்ள பயிற்சிகள்கூட இல்லை, வழிகாட்டிகள். 2013இல் தொடங்கிய இலவசத் தளம். 70க்கும் மேற்பட்ட நிரல் மொழிகள் உண்டு. பயிற்சியை முடித்துவிட்டு வழிகாட்டி வேண்டும் என்று கேட்டால், தன்னார்வலர் ஒருவர் நம் கோடைப் படித்துப் பார்த்துப் பேசுவார்.

எனக்கு வாய்த்தது பைத்தான் என்ற நிரல் மொழியில், ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று சொல்லும் பயிற்சி. 4ஆல் வகுபட்டால் லீப். 100ஆல் வகுபட்டால் இல்லை. 400ஆலும் வகுபட்டால் மறுபடி லீப். அதனால்தான் 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. இஃபுக்குள் இஃப், அதாவது 'இப்படி இருந்தால்' என்ற நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை வைத்து 11 வரி எழுதினேன். கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். இனி வழிகாட்டி என்ன சொல்லிவிடப் போகிறார் என்றிருந்தேன்.

வேரியபிள்களுக்கு, அதாவது கோடில் மதிப்பை வைத்திருக்கும் இடங்களுக்கு, நான் வைத்த பெயர்கள் படிக்கத் தெளிவாக இருக்கின்றன என்றுதான் பதில் ஆரம்பித்தது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: 'மீதி பூஜ்யமா என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியை மட்டும் பிரிண்ட் செய்தால் என்ன வருகிறது?' செய்து பார்த்தேன். ட்ரூ, அதாவது 'உண்மை' என்று வந்தது. கையில் ட்ரூவை வைத்துக்கொண்டே, ட்ரூ என்றால் ட்ரூவைக் கொடு, இல்லாவிட்டால் ஃபால்ஸைக் கொடு என்று எழுதி வைத்திருக்கிறேன்! அன்றைக்கே 11 வரி ஒரு வரியானது. விடையை அவரே எழுதித் தந்திருந்தால் காப்பியடித்துவிட்டு மறந்திருப்பேன்.

பிறகு நானும் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். முதலில் வந்தவருக்கு 7 திருத்தங்கள் எழுதினேன். இடைவெளி விட்டதைக்கூட விடவில்லை. ஆள் திரும்பி வரவேயில்லை. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் ஒரு பதிலுக்கு ஒரு விஷயம்தான், அதுவும் அவர் கேட்டதிலிருந்து. 'இது சுலபம்தானே' என்று கை தானாக எழுதிவிடும். அனுப்பும் முன் அழித்துவிடுகிறேன். அதில் மாட்டிக்கொண்டு முழிப்பவரிடம் சொல்கிற பேச்சா அது?

ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்களுக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கும். சொந்த நேரத்தில் உதவுகிறவர்கள் என்பதால் பதில் கையோடு வராது. நாளை நேர்முகத் தேர்வு என்று ஓடி வருபவருக்குச் சரிப்படாது.

வழிகாட்டியாக ஆசைப்படுபவர்கள் நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். நான் இன்னும் லீப் ஆண்டைத் தாண்டவில்லை.