பித்தளைப் பலகை எழுத்துக்கு எனாமலா, எபாக்சியா, அரக்கா?

வெட்டெழுத்துப் பித்தளைப் பலகையில் கருப்பு முதலில் உதிர்வது மெய்யெழுத்துப் புள்ளிகளில்தான். குழி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயிண்ட் பிடித்து நிற்க இடமில்லை. 'உபயம்' என்று வெட்டியது 'உபயம' என்று நிற்கும். அடுத்து ண, ஞ சுழிகள் வெளுக்கும். மதுரைப் பக்கம் கோயில் உபயப் பலகை, வக்கீல் வீட்டு வாசல் பெயர்ப்பலகை என்று எதைப் பார்த்தாலும் இதே வரிசைதான்.

மறுபடி நிரப்ப மூன்று வழி உண்டு: சாதா எனாமல், இரண்டு பாகம் (பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும்) கலக்கும் எபாக்சி, பழைய பாணி அரக்கு. எங்கள் தெருக் கோயில் பலகைக்கு எபாக்சியைத்தான் தேர்ந்தோம். என் சாய்வும் அந்தப் பக்கமே.

விலை, சுலபம், நிறங்கள் என்று பார்த்தால் எனாமலை அடிக்க ஆளில்லை. எந்த ஹார்டுவேர் கடையிலும் சின்ன டப்பா கிடைக்கும். ஆனால் பித்தளைக்கு இவை எதுவும் முக்கியமில்லை. பலகையை மாட்டிய பிறகு அதை எப்படித் துலக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் பித்தளையை யாரும் சும்மா விடுவதில்லை. பொங்கல், சித்திரைத் திருவிழா, கார்த்திகை என்று வரிசையாகப் புளி போட்டுத் தேய்க்கிறோம். இல்லையென்றால் சபீனா, பிராசோ. புளியின் அமிலம் எழுத்தின் ஓரத்தில் இறங்கி அடியில் களிம்பு பிடிக்க வைக்கும். களிம்பு பருத்துப் பெயிண்டை மேலே தள்ளும். பிராசோ மாதிரித் திரவங்களில் அம்மோனியா உண்டு. எனாமல் எண்ணெய் சேர்ந்த பிசின். அம்மோனியா போன்ற காரம் பட்டால் இளகும். கூடவே தேய்ப்புப் பொடியும் சேரும்போது ஒவ்வொரு துலக்கலும் ஒரு படலத்தை எடுத்துக்கொண்டு போகும். வெயிலையும் மழையையும்விட எழுத்தைத் தின்பது துணியும் புளியும்தான்.

அரக்குக்கு வயது அதிகம். தகட்டைச் சூடாக்கி அரக்குக் குச்சியைத் தேய்த்தால் உருகிக் குழியை நிறைக்கும். ஆறியதும் மட்டமாக இழைத்துவிடலாம். கூடத்துக்குள் நிழலில் மாட்டும் பலகைக்கு அதன் ஆழமான கருப்பு தனி அழகு. ஆனால் அதுவும் காரத்தில் கரையும். அக்னி நட்சத்திர வெயிலில் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தகட்டில் அரக்கு இளகித் தூசியை இழுத்துக்கொள்ளும். வாசலுக்கு வேண்டாம்.

எபாக்சிக்கு இரண்டு பலம். கெட்டியானபின் அமிலத்துக்கும் அம்மோனியாவுக்கும் எளிதில் அசையாது. இரண்டாவது, அது சுருங்காது. எனாமலில் டர்பென்டைன் ஆவியாகப் போவதால் முழுக்க நிரப்பிய குழி மறுநாள் பாதிதான் இருக்கும். இரண்டு மூன்று கோட் கொடுக்க வேண்டும். எபாக்சி ஊற்றிய மட்டத்திலேயே நிற்பதால் தகடும் எழுத்தும் ஒரே தளமாகிவிடும். துலக்கும் துணி சிக்கி இழுக்க விளிம்பே இருக்காது.

வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். பழைய பெயிண்ட் மேல் ரிமூவரைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் எடுங்கள். காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம். ஆணி, குண்டூசியால் சுரண்டினால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். அது திரும்ப வராது. பச்சைக் களிம்பைப் புளி உப்பால் எடுத்தபின் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இதை விட்டால் குழிக்குள் தங்கிய அமிலம் புது எபாக்சிக்கு அடியிலேயே மறுபடி களிம்பைக் கிளப்பும். ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தி, அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். குழியின் அடிப்பகுதி பளபளக்க வேண்டியதில்லை. சொரசொரப்பாக இருந்தால்தான் பிடிக்கும்.

30×20 செ.மீ. பலகையில் எழுத்து பத்தில் ஒரு பங்கு இடம், ஆழம் அரை மில்லிமீட்டர் என்றால் தேவை 3 மில்லிலிட்டர்தான். ஆனாலும் 9 கிராமுக்குக் குறையாமல் கலக்குங்கள். சின்ன அளவில் ஹார்ட்னர் துளி கூடினாலும் குறைந்தாலும் விகிதம் கெட்டு, என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். எடைக்கு 2:1 என்று டப்பாவில் போட்டிருந்தால் 6 கிராம் பிசின், 3 கிராம் ஹார்ட்னர். நகை எடைபோடும் சின்னத் தராசு போதும். அரை கிராம் கருப்புப் பொடி சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் கலவை தடித்துப் புள்ளிக்குள் இறங்காது.

பலகையை ரசமட்டம் வைத்துப் படுக்கப் போட்டு, ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்சால் எழுத்து லேசாகப் புடைக்கும் அளவு விடுங்கள். புள்ளிகளில் காற்று அடைபடும். குண்டூசி முனையை அடிவரை இறக்கி எடுத்தால் குமிழி மேலே வந்து வெடிக்கும். 24 மணி நேரம் கழித்து, மரக்கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 600, 1000, 1500 நம்பர் வரிசையில் தண்ணீர் விட்டு ஒரே திசையில் இழையுங்கள். விரலில் சுற்றி இழைத்தால் எழுத்து குழிந்துவிடும்.

குறையும் உண்டு. எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும். கருப்பில் தெரியாது, வெள்ளையில் பளிச்சென்று தெரியும். வெள்ளை, சிவப்பில் என் அனுபவம் குறைவு. தப்பாகிவிட்டால் கழற்றுவதும் கஷ்டம்: ஹீட் கன்னால் சூடேற்றி, இளகும்போது மூங்கிலால் பொறுமையாக நெம்ப வேண்டும்.

தங்க முலாம் பூசியது, லாக்கர் (நிறமில்லாத காப்புப் பூச்சு) அடித்தது, கால் மில்லிமீட்டர் ஆழமே உள்ள எட்சிங் (அமிலத்தால் அரித்து எழுதிய) தகடு, இவற்றில் இழைக்கவே கூடாது. அங்கே எனாமல்தான் சரி. நிரப்பிப் பத்து நிமிஷம் விட்டு, கட்டையில் இறுக்கிக் கட்டிய துணியை டர்பென்டைனில் லேசாக நனைத்துக் குறுக்குவாட்டில் துடையுங்கள். தொளதொளத்த துணி குழிக்குள் போய்ப் பெயிண்டை வழித்துக்கொண்டு வரும். லாக்கர் தகடாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எபாக்சி வேலையில் மீந்த கலவையை ஒரு துண்டுத் தகட்டில் ஊற்றி வையுங்கள். மறுநாள் அதில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அப்போதும் விழுந்தால் கலவை தப்பு, எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். தடம் விழாவிட்டால் இழைக்கலாம். புளி மட்டும் ஒரு வாரம் கழித்து.