‘ஈ.சி.எம். போயிடுச்சு மேடம்’: பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வயதான கார் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பெங்களூர்வாசிகளுக்காக இதை எழுதுகிறேன். எலெக்ட்ரிக்கல் கோளாறு என்று வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே ஒருவர் ஒரு ஃபியூஸைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ‘ஈ.சி.எம். போயிடுச்சு’, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்கிறார். உடனே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் அழுத தொகை 17,700 ரூபாய். கோளாறு இருந்தது ரிலே என்ற 220 ரூபாய் மின் ஸ்விட்சில். பணம்கூடப் போகட்டும், அவர்கள் செய்து கொடுத்த வேலையால் வண்டியே எரிந்திருக்கும். இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

ஷெட்டின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. கிழக்குப் பெங்களூர்ப் பக்கம், முதலாளி நம் ஊர்க்காரர், வாய் நிறையத் தமிழ். அபார்ட்மென்டில் பாதிப் பேர் அவரிடம்தான் போகிறார்கள், ‘நம்ம ஆளு, ஏமாத்த மாட்டார்’ என்று.

வண்டி 2007 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறோம். எஞ்சின் மேல் எந்தக் குறையும் கிடையாது. ஏப்ரல் வெயிலில் டின் ஃபாக்டரி ஜங்ஷனில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது, ஏ.சி. காற்றும் சூடாக வந்தது. பாலத்தில் ஏறி வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்கியது. இந்த அடையாளத்தை மனதில் வையுங்கள். நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுகிறது, நின்றால் ஃபேன்தான் கதி. அப்படி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

ஷெட்டில் இதை அப்படியே சொன்னேன். முதலாளி பானெட்டைத் திறந்து, ஏ.சி. போடச் சொன்னார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றவில்லை. “மோட்டார் ஜாம் ஆயிடுச்சு மேடம். அது ஜாம் ஆனதால ஈ.சி.எம்.மும் அடி வாங்கியிருக்கு. சாரை ஒரு தடவை பேசச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்” என்றார். வண்டி என் பெயரில், ஓட்டுவது நான், பணம் கொடுப்பதும் நான். சாருக்கு ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சரி, அது வேறு கதை.

ஃபியூஸ் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அதெல்லாம் பார்த்தாச்சு” என்றார். என் கண் முன்னால் யாரும் எந்த மூடியையும் திறக்கவில்லை. ஈ.சி.எம்.மை ‘லேபு’க்கு அனுப்ப வேண்டும், புதுசு போட்டால் முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும், சர்வீஸ் பண்ணினால் பத்துக்குள் முடித்துக் கொடுக்கிறேன் என்றார். வண்டி வந்தபோது கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றும் வந்தது: ஃபேன் மோட்டார் 4,800, ஈ.சி.எம். சர்வீஸ் 9,500, வயரிங் 2,500, கூலன்ட் 900. ஜி.எஸ்.டி. எண் கிடையாது. பழைய மோட்டாரைக் கேட்டால், “கடைக்காரன்கிட்ட எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டோம் மேடம்.”

ஃபேன் சுற்றியது, அதில் பொய் இல்லை. காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போதே, சாவியைத் திருப்பியதும் சுற்றியது. நிறுத்தும் வரை நிற்காமல் சுற்றியது. “அப்படி இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதான்” என்றார் போனில். குளிர்ந்த எஞ்சினுக்கு ஃபேன் தேவையே இல்லை. தேவைப்படும்போது அதைப் போட்டு, தேவையில்லாதபோது அணைப்பது ஈ.சி.எம்.மின் வேலை. 9,500 ரூபாய்க்கு ‘சர்வீஸ்’ ஆன ஈ.சி.எம். அந்த வேலையைச் செய்யவில்லை.

மே மாதத்து மாலை மழை ஒன்றில் வைப்பரும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டி, சாவியை எடுத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டோ வண்டி கூப்பிட்டேன். அந்த ஷெட்டுக்குத் திரும்பப் போகவில்லை. ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைத் தோழி சொன்னாள். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ், நடுவில் உருதும் கன்னடமும்.

பாய் முதலில் செய்தது ஸ்டீயரிங்குக்குக் கீழே, வலது முழங்கால் பக்கம் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றியதுதான். மூடியின் உள்பக்கத்தில் எந்த இடத்தில் எத்தனை ஆம்ப் என்று படம் இருக்கும். பிளேடு ஃபியூஸ்களின் நிறம் எல்லா வண்டிக்கும் ஒன்றே: 7.5 ஆம்ப் பிரவுன், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாத கண்ணாடி நிறம், 30 பச்சை. படத்தில் வைப்பருக்கு 15 என்று போட்டிருந்தது. அந்த இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தது. அதன் ஒரு காலில் மெல்லிய ஒயர் ஒன்றைச் சுற்றிச் செருகி, டாஷ்போர்டுக்குள் கொண்டுபோய், எஞ்சின் பக்கத்தைப் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓட்டை வழியாக ஃபேனுக்கு இழுத்திருந்தார்கள். நடுவில் ஒரு முறுக்கு ஜாயின்ட், மேலே இன்சுலேஷன் டேப். டேப் உருகி ஒழுகியிருந்தது. ஸ்பீக்கருக்கு இழுக்கிற ஒயர் அது.

நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. ஃபேன் மோட்டார் ஓடும்போது பத்து ஆம்ப் அளவுக்கு இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. வைப்பருக்கென்று வைத்த 15 ஆம்ப் ஃபியூஸ் அந்தச் சுமையைத் தாங்காமல் எரிந்திருக்கும். ஏன் எரிந்தது என்று யோசிக்காமல் 30-ஐச் செருகியிருக்கிறார்கள். குக்கர் வால்வு ஊதுகிறதே என்று புளியை வைத்து அடைப்பது போல. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டால், ஷார்ட் ஆகும்போது முதலில் எரிவது ஒயர்தான், அதுவும் டாஷ்போர்டுக்குள்ளே, உங்கள் கால்மாட்டில்.

அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாய் பானெட்டுக்கு வந்தார். பேட்டரி பக்கத்தில் இன்னொரு பெட்டி, பெரிய ஃபியூஸ்களும் ரிலேக்களும் அதில்தான். பழைய கார்களில் பொதுவாக இந்த இரண்டு இடங்கள்தான். சிலவற்றில் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னாலோ ஃபெண்டர் ஓரத்திலோ தனியாக ஒன்றிரண்டு ரிலே தொங்கும். எந்த ரிலே எதற்கு என்று தெரியாவிட்டால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டுப் போட்டு எடுக்க, இன்னொருவர் ஒவ்வொரு ரிலே மேலும் விரலை வைத்துப் பார்க்கலாம். துடிப்பது தெரியும்.

ஃபேனுக்கான ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். கரன்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பாடியில் மாட்டி, முனையை இரண்டிலும் வைத்தார். இரண்டிலும் எரிந்தது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் அதுவரை கரன்ட்டே வரவில்லை, அல்லது சாவி போட்டால்தான் வரும் லைன் அது. வெறும் கண்ணால் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை, மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஏ.சி. போடச் சொன்னார். அதே ‘டக்’. பாய் சிரித்தார்.

“கேட்டுச்சாம்மா? கம்ப்யூட்டர் ஆர்டர் போட்டுருச்சு, ரிலேயும் கேட்டுக்கிச்சு. அப்புறம் எங்க கம்ப்யூட்டர் கெட்டுச்சு?”

என் 9,500 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் போனது. ரிலேக்குள் நடப்பது இவ்வளவுதான்: ஒரு சுருள், ஒரு ஜோடி கான்டாக்ட். ஈ.சி.எம். சுருளுக்கு மட்டும்தான் உத்தரவு கொடுக்கிறது. சுருள் காந்தமாகி கான்டாக்ட்டை இழுக்கும்போது வரும் சத்தம்தான் அந்த ‘டக்’. ஃபேனுக்கான பெரிய கரன்ட் போவது கான்டாக்ட் வழியாக. வருடக்கணக்கில் பொறி பட்டுப் பட்டு கான்டாக்ட் கருகிவிட்டால், சத்தம் வரும், கரன்ட் போகாது. பல ரிலேக்களில் கால்களுக்குப் பக்கத்தில் எண் இருக்கும். 85-ம் 86-ம் சுருள், 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 கருவிக்குப் போவது. எண் இல்லாத ரிலேக்களும் உண்டு, அவற்றின் உடம்பிலேயே குட்டிப் படம் அச்சடித்திருக்கும்.

பாய் ஹாரன் ரிலேயைப் பிடுங்கினார். ஃபேன் ரிலேயின் மேல் இருந்த அதே நம்பர், அதே கால்கள். இடம் மாற்றிச் செருகினார். ஃபேன் பறந்தது. ஹாரன் ஊமையானது. பெட்டியைத் திறந்ததிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வீட்டிலேயே எவரும் செய்யக்கூடிய சோதனை இது, நம்பரும் காலமைப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியை எடுத்துவிட்டுத்தான் ரிலேயைப் பிடுங்க வேண்டும். இன்னொன்று, மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் டெஸ்ட் லாம்பைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்.

கருகிய ரிலேயின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து காட்டினார். கான்டாக்ட் கரிப்பிடித்து, ஒரு முனை குழிந்திருந்தது. புது ரிலே 220 ரூபாய். 90 ரூபாய்க்கும் அடுத்த கடையில் கிடைத்தது. அதை வாங்க வேண்டாம் என்றார் பாய், கான்டாக்ட் தகடு அதில் தகரம் மாதிரி இருக்குமாம். ஒயரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வைப்பருக்கு நீல ஃபியூஸ் போட்டு, கூலி 600 வாங்கிக்கொண்டார்.

சும்மா இருக்க மனம் வரவில்லை, மற்றதையும் பார்க்கச் சொன்னேன். ‘புது’ ஃபேன் மோட்டாரின் மேல் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். நகத்தால் சுரண்டினால் கீழே துரு, அதற்கும் கீழே கம்பெனியின் பழைய ஸ்டிக்கர், 2007 என்ற ஆண்டோடு. ஈ.சி.எம். பெட்டியின் போல்ட்டுகளில் பல வருடத்துத் தூசி ஆடாமல் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. லேபுக்குப் போனதாகச் சொன்ன பெட்டி இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. எல்லாவற்றையும் பாய் கையை வைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்தேன்.

படங்களோடு ஷெட்டுக்குப் போனேன். மேடம் என்ற வாய் அக்காவுக்கு மாறியது. “பசங்க ஏதோ பண்ணிட்டாங்கக்கா. நம்ம ஆளுங்கன்னு கம்மியாத்தான் போட்டேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.” உருகிய ஜாயின்ட்டை மேஜையில் வைத்தேன். அங்கே காத்திருந்த இன்னொரு கஸ்டமர் எட்டிப் பார்த்ததும், மோட்டார் பணம் 4,800-ஐ அங்கேயே யு.பி.ஐ.யில் திருப்பி அனுப்பினார்.

மிச்சத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் சீட்டில் ‘ஈ.சி.எம். சர்வீஸ்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது, யு.பி.ஐ. ரசீதில் தேதியும் தொகையும் இருக்கின்றன. வேலைக்கு விடும்போதே இரண்டு ஃபியூஸ் பெட்டிகளையும் மூடியோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும் பழைய பாகம் எதுவானாலும் திரும்ப வேண்டும் என்று வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

9,500 பற்றிக் கேட்டால் “லேபுல கேட்டுச் சொல்றேன்க்கா” என்கிறார் இப்போதும். எந்த லேப், எந்தத் தெரு, ரசீது எங்கே என்று நேற்றும் கேட்டேன். வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன், சத்தம் கேட்கவில்லை என்று போனை வைத்துவிட்டார்.