ரவுடி சோபாவை விட்டுட்டான்: மூணடி ஸ்க்ராட்சிங் போஸ்ட் ரிவ்யூ

வீட்டுல ரெண்டு பூனை இருந்தா சோபா கை என்ன கதி ஆகும்னு வளக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், எங்க வீட்டுல ரவுடியும் மீனுவும் சேந்து துணியை உரிச்சு உள்ள ஸ்பாஞ்ச் தெரியற அளவுக்கு கொண்டு வந்துட்டாங்க. அதுக்காக வாங்கினதுதான் பூனை நகத்தால கீறறதுக்குன்னே வர்ற, சைசல் கயிறு சுத்தின இந்த போஸ்ட், உயரம் மூணடி, விலை 2,300 ரூபா. நல்லா யூஸ் பண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

மொதல்ல உயரத்தை பத்தி சொல்லிடறேன், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. கடையில இருந்த தம்பி ஒன்றரை அடி போஸ்ட்டை எடுத்துக் காட்டி "அக்கா இதுவே போதும்க்கா, எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க"ன்னாரு. போதாதுங்க. பூனை தூங்கி எழுந்ததும் பின்னங்கால்ல நின்னு முன்னங்காலை முழுசா மேல நீட்டி, நகத்தை மாட்டி இழுத்துத்தான் முதுகை சோம்பல் முறிக்கும், நல்லா வளந்த பூனைக்கு அப்படி நிக்க மூணடிகிட்ட வேணும். குட்டையா இருந்தா ஒரு தடவை மோந்து பாத்துட்டு திரும்ப சோபாவுக்கே போயிடும். நம்மள வெறுப்பேத்தணும்னு அது கீறறதில்ல, நகத்தோட பழைய மேல்தோடு கழண்டு வரணும், பாதத்துல இருக்கற சுரப்பியால தன் வாசனையையும் அங்க பதிக்கணும், ரெண்டுமே அதுக்கு தேவை. இப்போ போஸ்ட் அடியில பெருக்கும்போது பிறை மாதிரி வளைஞ்ச நகத்தோடு அப்பப்போ கிடைக்குது, அதைப் பாத்தாலே எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

சைசல்னதும் ஏதோ பெரிய ஐட்டம்னு நினைக்காதீங்க, நம்மூர்ல ரயில் கத்தாழைன்னு சொல்வோமே, அந்த இனத்துச் செடியோட நார்தான். நகம் நல்லா மாட்டுது, இழுத்தா சரக் சரக்னு சத்தம் வருது, ரவுடிக்கு அந்த சத்தமே ரொம்ப பிடிச்சிருக்கு.

இப்போ குறை. அடிப்பலகை வெயிட்டே இல்ல, ரவுடி நாலரை கிலோ, அவன் பாய்ஞ்சு புடிச்சா போஸ்ட் ஆடுது, ஒரு தடவை ஆடி பயந்துட்டா அப்புறம் பூனை அந்தப் பக்கமே வராது. அதனால பலகைக்கு மேல ஒரு கிரானைட் துண்டை வச்சு போல்ட் போட்டுட்டோம், இப்போ அசையறதில்ல. அதை விட பெரிய குறை, உச்சியில கயிறு முடியற இடத்துல ஸ்டேப்ளர் பின்னை வெளிப்பக்கமா அடிச்சிருக்காங்க, ஒரு பின் பாதி தூக்கிட்டு நின்னுது, நல்ல வேளை கையால தடவிப் பாத்தப்போ தெரிஞ்சுது, பாதத்துல குத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்! எந்த கம்பெனி வாங்கினாலும் மொதல்ல கயிறு முழுக்க விரலால தடவிப் பாத்துட்டு அப்புறம் பூனைகிட்ட விடுங்க.

எங்க வைக்கறதுங்கறதும் முக்கியம். அழகா இல்லன்னு பால்கனி மூலையில வச்சா காசு வேஸ்ட். அது ஏற்கனவே கீறற சோபா கை பக்கத்துலயே ஒட்டி வைங்க, சோபா கைல ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பை ஒட்டிடுங்க, பாதத்துல பிசுபிசுன்னு ஒட்டறது பூனைக்கு பிடிக்காது. எலுமிச்சை எண்ணெய் தெளிங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சிட்ரஸ் எண்ணெய் பூனைக்கு விஷம். தண்ணி அடிச்சு விரட்டறதும் வேணாம், நம்மள பாத்தா மட்டும் கீறாது, நாம அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிச்சிடும். நகத்தையே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமேன்னு கேக்கறவங்களும் இருக்காங்க, அது நகத்தை மட்டும் எடுக்கறது இல்லங்க, விரலோட கடைசி எலும்பையே வெட்டி எடுக்கறது, நியூயார்க் மாகாணம் 2019லயே அதுக்கு தடை போட்டுடுச்சு. தயவுசெஞ்சு அந்த நினைப்பே வேணாம்.

போஸ்ட்டோட ஒரு குட்டி பாக்கெட் கேட்னிப் தூள் (வாசனையால பூனையை கிறங்க வைக்கற ஒரு செடியோட தூள்) குடுத்தாங்க, மீனு கண்டுக்கவே இல்ல. எல்லா பூனைக்கும் அது வேலை செய்யாது, அந்த ஈர்ப்பு பிறவியிலேயே சிலதுக்கு இருக்கும் சிலதுக்கு இருக்காது. அப்போ அம்மாதான் குப்பைமேனியை வேரோட பிடுங்கிட்டு வந்தாங்க. செடியா நிக்கும்போது பூனை திரும்பிக் கூட பாக்காது, வேரைப் பிடுங்கிட்டா அந்த வாசனைக்கு ஓடி வந்து உருளும். அந்த வேரை கயிறுல தேச்சு விட்டதும் ரெண்டும் போஸ்ட்டை கட்டிப் புடிச்சுட்டு விடவே இல்ல! தின்ன மட்டும் குடுக்காதீங்க, தேச்சுட்டு வேரை எடுத்துடுங்க.

ரவுடி இப்போ சோபா பக்கம் போறதே இல்ல. மீனு மட்டும் நின்னுட்டு கீறறதை விட தரையில கால்மிதியடியைத்தான் அதிகமா பிராண்டறா, அவளுக்கு படுத்த வாக்குல இருக்கற அட்டை ஸ்க்ராட்சர் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன். நின்னுட்டு கீறற பூனையா இருந்தா இதை தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். தயாரிக்கறவங்க யாராவது இதை படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள், அந்த பின்னை விட்டுட்டு கயிறு நுனியை கம்பத்துக்குள்ள செருகி பசை போட்டு ஒட்டுங்க, அதுக்கு இன்னும் நூறு இருநூறு கூட கேட்டாலும் குடுக்கறோம்.