மழையைச் சாக்காகக் காட்டி ஏமாற்றும் வேன் சுற்றுலா: டோர்ஷவனில் இறங்குபவர்களுக்கு

உங்கள் குரூஸில் ஃபாரோ தீவுகளும் இருந்தால், அவற்றின் தலைநகரான டோர்ஷவனில் இறங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

கப்பலில் விற்ற சுற்றுலா விலை அதிகம் என்பதால், அந்த ஊர் வேன் நிறுவனம் ஒன்றில் முன்பதிவு செய்திருந்தோம். அம்மா, மனைவி, நான். ஆளுக்கு 900 குரோனா (அந்த ஊர் நாணயம்), நான்கு மணி நேரம். கிர்க்யுபோர் கிராமம், ஐஸ்டுரோய் தீவுக்குப் போகும் கடலடிச் சுரங்கப்பாதை, கடைசியில் ஊருக்குள் ஒரு சுற்று என்று திட்டம். மழை பெய்தாலும் வண்டி எல்லா இடத்துக்கும் போகும் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அன்று காலையிலிருந்தே சாரலும் காற்றும். மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது. வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊருக்கு இது புதிதல்ல. ஓட்டுநர் வந்ததும் முதல் வேலையாகக் கார்டு மெஷினை நீட்டினார். கார்டை வைத்ததும் குரோனாவா, ரூபாயா என்று திரையில் கேட்டது. மெஷினைத் தன் பக்கம் திருப்பி, அவரே ரூபாயை அழுத்திவிட்டார். ரத்து செய்துவிட்டு குரோனாவில் போடுங்கள் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டும் ஒன்றே இல்லை. மெஷின் போட்ட மாற்று விகிதம் என் வங்கியின் விகிதத்தைவிட நன்றாகவே அதிகம்.

வண்டி ஏறியதும் அடுத்த செய்தி: மழையால் கிர்க்யுபோர் சாலை மூடியிருக்கிறதாம். துறைமுகத்துக்கு மேலேயே இருக்கும் ஸ்கான்சின் கோட்டையில் பத்து நிமிடம் நிறுத்தினார். அப்புறம் டிங்கானெஸ். சிவப்பு மர வீடுகள், புல் வளர்ந்த கூரைகள், அரசாங்கமே அங்கிருந்துதான் நடக்கிறது. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே கப்பலிலிருந்து நடந்தே போகக்கூடியவை. அடுத்து ஒரு கம்பளி ஸ்வெட்டர் கடை. அங்கே முக்கால் மணி நேரம். கடைக்காரரோடு ஓட்டுநர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நனைந்த கோட்டோடு உட்கார இடமில்லாமல் அம்மா கதவோரம் நின்றார்.

சுரங்கப்பாதைக்காவது போகலாமே, அதற்குள் மழை பெய்யாதே என்று கேட்டேன். 2020 டிசம்பரில் திறந்த பாதை அது. பதினொரு கிலோமீட்டர் நீளம். கடலுக்கடியில் ஒரு ரவுண்டானா, அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் எஃகு உருவங்கள், வண்ண விளக்குகள். அம்மா பார்க்க ஆசைப்பட்டதே அதைத்தான். நேரமாகிவிட்டது என்று சொல்லி, இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில் எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்.

நேராக ஊருக்குள் இருக்கும் சுற்றுலாத் தகவல் மையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் சாலைத் துறையான லான்ட்ஸ்வெர்க்கின் இணையதளத்தைத் திறந்து காட்டினார். கிர்க்யுபோர் சாலை திறந்தே இருந்தது. கால் மணி நேரப் பயணம்தான். கூரையில்லாமல் நிற்கும் பழைய பேராலயச் சுவர்களும், ஒரே குடும்பம் 17 தலைமுறையாக வாழும் மரவீடும் அங்கேதான் இருக்கின்றன. கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கியதால் எங்களால் போக முடியவில்லை.

அதே மையத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. டோர்ஷவன் நகரச் சிவப்புப் பேருந்துகளுக்குக் கட்டணமே கிடையாது. ஊருக்குள் சுற்ற யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

நிறுவனத்துக்கு எழுதினேன். வானிலை பற்றிய முடிவு ஓட்டுநருடையது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மின்னஞ்சல், ரசீது, நேரம் பதிவான புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கும் வண்டியில் ஏறாதீர்கள். ஓர் இடம் விட்டுப்போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கார்டு மெஷின் உங்கள் கையிலேயே இருக்கட்டும், குரோனாவை மட்டும் அழுத்துங்கள். ஃபாரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஐரோப்பிய ரோமிங் பேக் அங்கே வேலை செய்யுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சாலை மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அங்கேயே லான்ட்ஸ்வெர்க் தளத்தைத் திறந்து பார்க்க உங்கள் போனில் இணையம் இருக்க வேண்டும்.