எஸ்.ஏ.பி. கிளவுட் கனெக்டர்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்தபின்

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் உதிரிப் பாகம் விற்கும் நிறுவனம் எங்களுடையது. ஐடி என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான். சப்ளையர்கள் பர்ச்சேஸ் ஆர்டர், பில் நிலவரம் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வெப் போர்ட்டல் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்ல, அதை, நிறுவனங்களுக்கான மென்பொருள் விற்கும் எஸ்.ஏ.பி.யின் கிளவுட் தளமான பி.டி.பி.யில் வைத்தோம். சிங்கப்பூரிலேயே அதன் ரீஜியன் (டேட்டா சென்டர்) இருப்பது வசதி. ஆனால் உண்மையான தரவு இருப்பது ஆபீஸ் சர்வர் அறையில் ஓடுகிற இ.சி.சி. என்ற எஸ்.ஏ.பி.யின் பழைய நிர்வாக மென்பொருளில். இரண்டையும் இணைக்க நம் பக்கத்து மெஷினில் நிறுவும் மென்பொருள்தான் கிளவுட் கனெக்டர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் முதலில். வெளியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் ஒரு போர்ட்கூட (எண் போட்ட நெட்வொர்க் கதவு) திறக்க வேண்டாம். கனெக்டர்தான் உள்ளிருந்து 443 வழியாக வெளியே போய் கிளவுடோடு ஒரு டி.எல்.எஸ். (மறையாக்கம் செய்த) டனல் போட்டுக்கொள்கிறது, போர்ட்டலின் கோரிக்கைகள் அந்த டனலிலேயே திரும்பி வருகின்றன. எங்கள் செக்யூரிட்டி ஆளிடம் "உள்ளே வர ஒன்றும் திறக்க வேண்டாம் சார்" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதற்கே பாதி மார்க் போடலாம்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஜே.டி.கே. என்ற ஜாவா தொகுப்பை முதலில் தனியாகப் போட வேண்டும், அப்புறம் 8443 போர்ட்டில் நிர்வாகப் பக்கம் திறக்கும், முதல் முறை நுழைந்ததுமே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். போர்ட்டபிள் வெர்ஷன் என்று ஒன்றும் டவுன்லோட் பக்கத்தில் கிடக்கும், அது சோதனைக்கு மட்டும், புரொடக்‌ஷனுக்கு இன்ஸ்டாலரைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து அக்சஸ் கண்ட்ரோல். ஆரம்பத்தில் எல்லாமே மூடியிருக்கும், எந்த சர்வர், அதில் எந்த ஆர்.எஃப்.சி. ஃபங்ஷன் (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய எஸ்.ஏ.பி. நிரல்) என்று நாம்தான் ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடத் தோன்றும், செய்யாதீர்கள். நாங்கள் போர்ட்டலுக்கென்று எழுதிய ஃபங்ஷன்களுக்கெல்லாம் ஒரே முன்னொட்டு வைத்து அந்த முன்னொட்டை மட்டும் அனுமதித்தோம். உள்ளே இருக்கும் சர்வரின் நிஜப் பெயர் கிளவுடுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஒரு புனைபெயர் கொடுத்தால் போதும். பி.டி.பி. பக்கம் இணைப்பு விவரம் எழுதும் டெஸ்டினேஷனில் அந்தப் புனைபெயரைத்தான் எழுத வேண்டும். இதில் நானே ஒரு அரை நாள் வீணாக்கினேன், டெஸ்டினேஷனில் பழக்க தோஷத்தில் நிஜப் பெயரைப் போட்டுவிட்டு.

சரி, இப்போது பச்சை விளக்குக் கதை. கனெக்டரில் ஒரு சர்வரைச் சேர்த்ததும் அதை எட்ட முடிகிறதா என்று சோதிக்கலாம், எட்டினால் பச்சை காட்டிவிடும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று கோப்பி குடிக்கப் போய்விடாதீர்கள். கதவைத் தட்டினால் சத்தம் கேட்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உள்ளே யார் இருக்கிறார், நம்மைச் சேர்ப்பாரா என்பதெல்லாம் தனி.

எங்கள் இ.சி.சி.யில் இரண்டு அப்ளிகேஷன் சர்வர்கள், அதனால் சுமையை இரண்டுக்கும் பகிரும் லோட் பேலன்சிங் முறையில் மெசேஜ் சர்வர் வழியாகப் போகிறோம். மெசேஜ் சர்வரின் போர்ட் வழக்கமாக 36 என்று தொடங்கி அந்த சர்வரின் இரண்டு இலக்க இன்ஸ்டன்ஸ் எண்ணில் முடியும், ஆர்.எஃப்.சி. அழைப்பை வாங்கும் கேட்வே போர்ட் 33 என்று தொடங்கும். எங்கள் மெசேஜ் சர்வருடையது 3601. நான் எப்போதும்போல 3600 என்று எழுதிக் கொடுத்தேன், தப்பு என்னுடையது. ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது வெளி நிறுவனம் ஒன்று, ஒரு மாற்றத்துக்கு மூன்று வேலை நாள், அதற்குள் சீனப் புத்தாண்டு வந்து எந்த மாற்றமும் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு வழியாக 3601 திறந்தது. லாகின் மட்டும் ஓடவில்லை. ஏனென்றால் மெசேஜ் சர்வர் வேலையைச் செய்வதில்லை, "அந்த சர்வருக்குப் போ" என்று வழி மட்டும் காட்டும், அங்கே போய் 3300 கதவைத் தட்ட வேண்டும், அது மூடியிருந்தது.

மறுபடி கோரிக்கை, மறுபடி காத்திருப்பு. இந்த முறை அந்த நிறுவனம் இரண்டு சர்வரில் ஒன்றுக்கு மட்டும் 3300-ஐத் திறந்துவிட்டு முடித்தாயிற்று என்று டிக்கெட்டை மூடிவிட்டது. விளைவு என்ன தெரியுமா, காலையில் போர்ட்டல் ஓடும், மதியம் ஓடாது, திரும்ப நாலு மணிக்கு ஓடும். மெசேஜ் சர்வர் சுமை குறைந்த சர்வருக்கு அனுப்புவதால் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்து அதிர்ஷ்டம். முழுதாக ஓடாத ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம், பாதி நேரம் ஓடுகிறதைத்தான் கண்டுபிடிக்கவே முடியாது. கடைசியில் கனெக்டரின் டிரேஸை (விரிவான பதிவு) ஏற்றிப் பார்த்ததில் தோல்வி எல்லாமே ஒரே ஐ.பி.க்குப் போவது தெரிந்தது. லாக்குகள் நன்றாக இருக்கின்றன, அதற்கு ஒரு நன்றி.

ஆகவே லோட் பேலன்சிங் போடுபவர்கள் மெசேஜ் சர்வர் போர்ட்டோடு ஒவ்வொரு அப்ளிகேஷன் சர்வரின் கேட்வே போர்ட்டையும் ஒரே கோரிக்கையில் எழுதிக் கொடுங்கள். கனெக்டர் இருக்கும் மெஷினிலிருந்தே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட்டை மூடச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைகிறவர் யார் என்பதை இ.சி.சி. வரை கொண்டுபோகும் பிரின்சிபல் ப்ரோபகேஷன் நாங்கள் இன்னும் போடவில்லை, ஒரு சிஸ்டம் யூசரை வைத்தே ஓட்டுகிறோம். சப்ளையர்களுக்கு இ.சி.சி.யில் தனித்தனி யூசர் கிடையாது, அதனால் இப்போதைக்கு இது போதும். ஊழியர்களுக்கான போர்ட்டல் என்றால் நான் கட்டாயம் போடுவேன்.

குறை என்றால், அப்டேட் நாம்தான் கையால் போட வேண்டும், ஒரே ஒரு கனெக்டர் இருந்தால் அந்த நேரம் போர்ட்டலுக்கு விடுமுறை. இரண்டாவதாக ஒரு ஷேடோ (மாற்றுக் கனெக்டர்) வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, எங்களுக்கு அந்த மெஷினுக்குத்தான் பட்ஜெட் வரவில்லை. எங்கள் இ.சி.சி. பதிப்பின் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது, அதற்குள் அடுத்த தலைமுறையான எஸ்/4 போகலாமா என்று பேச்சு நடக்கிறது, போனாலும் இந்தக் கனெக்டர் கூடவே வரும்.

ஐந்துக்கு நாலரை. மீதி அரை, ஷேடோ மெஷின் வந்தபிறகு. அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்டேட் போடுவது நான்தான்.