கென்யாவுக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன ஆகஸ்டில் மூன்று வாரம், கென்யாவில் கிசுமு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஆன்லைனில் பிடித்த ஓர் ஏஜென்சிதான் ஏற்பாடு. விமான டிக்கெட் தனி; அவர்களுக்குக் கட்டியது 82,000 ரூபாய். கிராமத்துக் குடும்பத்தோடு தங்கல், மூன்று வேளை சாப்பாடு, ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போவது எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

நைரோபியில் இறங்கினால் ஆளில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து ஃபோனை எடுத்தவர், "பஸ் பிடித்து கிசுமு வந்துவிடுங்கள்" என்றார். ராத்திரி முழுக்க பஸ், அப்புறம் மட்டாட்டு என்கிற ஷேர் வேன், கடைசியில் வாடகை பைக். சரி, அலைச்சல்தானே, அதை விடுங்கள்.

நான் வருவது அந்த வீட்டு அம்மாவுக்கு முதல்நாள் சாயங்காலம்தான் தெரியுமாம். தன் கட்டிலை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மகள்களோடு தரையில் பாய் விரித்துப் படுத்தார். தினமும் உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி. கூடவே சுகுமா விகி என்ற கீரை. பெயருக்கே 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். ஒமேனா என்று ஏரியில் பிடிக்கும் பொடிமீன், நம் நெத்திலிக் கருவாடு போலவே இருக்கும், அதையும் வறுத்து வைப்பார். நாலாம் நாள்தான் கவனித்தேன், மீன் என் தட்டில் மட்டும்தான் இருந்தது.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஃபோனை எடுத்து எம்-பெசா (அங்கே ஃபோனிலேயே பணம் அனுப்பும் வசதி) மெசேஜைக் காட்டினார். ஏஜென்சி அனுப்பியது 3,000 ஷில்லிங். நம் காசில் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம், மூன்று வாரத்துக்கும் சேர்த்து! எனக்கு முன்னால் வந்து தங்கியவருக்குத் தர வேண்டிய பாக்கியே இன்னும் வரவில்லையாம்.

பள்ளிக்கூடமா? பூட்டியிருந்தது. கென்யாவில் ஏப்ரல் போலவே ஆகஸ்டிலும் விடுமுறை உண்டு. இது ஏஜென்சிக்குத் தெரியாமலா இருக்கும்?

இன்னும் இரண்டு விஷயம். கென்யாவுக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் இ-டிஏ என்ற பயண அனுமதி விண்ணப்பத்தில் "சுற்றுலா என்றே போடுங்கள்" என்றார்கள். சம்பளமில்லாத வேலைக்கும் அங்கே அனுமதி வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டினால் மாட்டுவது நாம்தான், அவர்கள் இல்லை. அடுத்தது, மஞ்சள் காய்ச்சல் ஊசி. "இந்தியாவிலிருந்து போனால் அங்கே கேட்க மாட்டார்கள், தேவையில்லை" என்றார்கள். ஆனால் திரும்பி வரும்போது இங்கே கேட்பார்களே! சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே அடைத்து வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆபீஸ் நண்பர் சொல்லி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டதால் தப்பித்தேன்.

போகத்தான் வேண்டும் என்றால், தங்கப்போகும் வீட்டுக்காரரோடு ஒருமுறையாவது ஃபோனில் பேசாமல் பணம் கட்டாதீர்கள். நீங்கள் கட்டுவதில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் அந்த அம்மாவுக்கு நானே 10,000 ஷில்லிங் எம்-பெசாவில் போட்டேன். ஊர் திரும்பி ரீஃபண்ட் கேட்டதற்கு ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது: குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது ஒப்பந்த மீறலாம், அதனால் ஒரு பைசா திரும்பக் கிடையாதாம்.